மூன்று வரை எண்ணுகிறவளின் ஆட்டம்

டயாப்லோ 2-இல் அசாசினைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் இரண்டு கையிலும் மாட்டியிருக்கும் நகங்களை. அடுத்து கண் நேராக டேமேஜ் எண்ணுக்குப் போகும். எந்த நகம் ஆழமாகக் கிழிக்கும்? உறைபனிப் பாதையில் அவளை வளர்ப்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இந்தப் பில்டில் நகத்தின் வேலை எண்ணுவது. ஒன்று, இரண்டு, மூன்று. அந்த எண்ணிக்கையை முடிக்க அவளுக்கு அவகாசம் தேவை. வேகமும் பனியும் அந்த அவகாசத்தைத்தான் வாங்கித் தருகின்றன. இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் எந்தத் திறனில் எத்தனை புள்ளி, எந்த நகம், எந்தக் கவசம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாக வந்துவிடும்.

2000 ஜூனில் வெளியான டயாப்லோ 2-க்கு அடுத்த ஜூனிலேயே 'லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' விரிவாக்கம் வந்தது. அதில் சேர்ந்த இரண்டு புதுமுகங்களில் ஒருத்தி அசாசின். கதைப்படி இவள் விஸ்-ஜக்தார் அமைப்பின் ஆள். வழிதவறிய மந்திரவாதிகளை வேட்டையாடுவது அந்த அமைப்பின் தொழில். ஆனால் களத்தில் இவள் கையிலிருந்து புறப்படுவதோ எரிகல், மின்னல், பனி. இதே ஆட்டத்தின் மந்திரக்காரி சோர்சரஸ் தூரத்தில் நின்று வீசுகிற அதே சரக்கை இவள் எதிரியின் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நின்று வீசவேண்டியிருக்கிறது. இந்தப் பில்டின் கஷ்டமும் சுவாரசியமும் அங்கேதான்.

சுற்றும் உருண்டைகள்

அசாசினின் தற்காப்புக் கலைத் திறன்கள் இரண்டு வகை. முதல் வகை சார்ஜ் ஏற்றுவது. ஒரு அடி பட்டால் ஒரு சார்ஜ், மூன்று வரை ஏறும். ஏறிய சார்ஜ்கள் சின்னச் சின்ன உருண்டைகளாக அவளைச் சுற்றிவரும். இரண்டாம் வகை அவற்றை வெடிக்கவைக்கும் முடிப்பு அடி: டிராகன் டேலன், டிராகன் கிளா, டிராகன் டெயில், டிராகன் ஃப்ளைட். சாதாரணத் தாக்குதலும் சார்ஜை வெளியே விடும்.

கபடியில் எதிரணிக்குள் பாடிப் போகிறவர் ஆளைத் தொட்டதும் புள்ளி வந்துவிடுவதில்லை. மூச்சு விடாமல் கோட்டுக்குத் திரும்பவேண்டும். இங்கேயும் அதே கதைதான். மூன்று சார்ஜ் ஏற்றி, முடிப்பு அடி போடுவதற்குள் செத்தால் அத்தனையும் வீண். ஏற்றிவைத்துக்கொண்டு அடுத்த எதிரியைத் தேடி அலைந்தாலும் சிறிது நேரத்தில் உருண்டைகள் மறைந்துவிடும். இன்னொன்று, அடி பட்டால்தான் சார்ஜ் ஏறும். தவறிய அடிக்கு எதுவும் கிடையாது. ஆகவே நகத்தில் எழுதியிருக்கும் டேமேஜைவிட, அடி குறி தவறாமல் விழுகிறதா என்பதைச் சொல்லும் அட்டாக் ரேட்டிங்தான் இவளுக்கு முக்கியம்.

உறைபனிக்காரிக்கு உரிய சார்ஜ் திறன்கள் இரண்டு. முதலாவது 24-ஆம் நிலையில் திறக்கும் பிளேட்ஸ் ஆஃப் ஐஸ். ஒரு சார்ஜில் விட்டால் எதிரே நிற்பவனுக்குப் பனி அடி. இரண்டில் விட்டால் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து. மூன்றில் விட்டால் கூட்டம் உறைந்து நிற்கும். இரண்டாவது 30-ஆம் நிலையில் வரும் பீனிக்ஸ் ஸ்ட்ரைக். இதன் குணம் வேறு. ஒன்றில் எரிகல், இரண்டில் தாவிப் பாயும் மின்னல், மூன்றில் சிதறிப் பறக்கும் பனி அம்புகள். எந்த எண்ணில் நிறுத்துகிறோமோ அது மட்டும் வெளிவரும். மற்ற கதாபாத்திரங்கள் தீக்கு ஒரு பட்டன், மின்னலுக்கு ஒரு பட்டன் என்று வைத்திருக்க, இவள் ஒரே பட்டனில் எண்ணிக்கையை மாற்றி மூன்று ஆயுதங்களை எடுக்கிறாள்.

பிரேம் கணக்கு

இந்த ஆட்டம் நொடிக்கு 25 பிரேம் கணக்கில் ஓடுகிறது. ஒரு அடிக்கு ஆகும் நேரம் முழுப் பிரேம்களில்தான் அளக்கப்படும், அரைப் பிரேம் என்று ஒன்று இல்லை. அதனால் வேகம் கூட்டும் ஒரு பொருளை மாட்டியும் ஒரு பிரேம்கூடக் குறையவில்லை என்றால், அந்தப் பொருள் இருந்தும் இல்லாததும் ஒன்றே.

பொருட்களில் எழுதியிருக்கும் வேகமும் முழுதாக வந்து சேராது. எழுதியிருக்கும் எண்ணை 120-ஆல் பெருக்கி, அதே எண்ணோடு 120-ஐக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையில் கைக்கு வருவது. 20 எழுதியிருந்தால் 17 வரும். 60 எழுதியிருந்தால் 40. 120 எழுதியிருந்தால் 60. மேலே போகப் போக ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் கொடுக்கிற விலை ஏறிக்கொண்டே போகும்.

இந்தத் தள்ளுபடிக்கு ஆட்படாதவை இரண்டு. ஒன்று, நகத்தின் பிறவி வேகம். ரூனிக் டேலன்ஸ், கிரேட்டர் டேலன்ஸ் இரண்டுக்கும் அது -30. கழித்தல் குறியைப் பார்த்து மிரளவேண்டாம், எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வேகம். பெயரில் பந்தாவாக ஒலிக்கும் சுவய்யாவுக்கு 0. இரண்டு கையிலும் இரண்டு விதமான நகம் மாட்டினால் சராசரிதான் கணக்கில் வரும், ஒரு கையில் மந்தமானதை மாட்டுவது மற்றக் கையின் காலை வாரும். இரண்டாவது பர்ஸ்ட் ஆஃப் ஸ்பீடு. இது தரும் அடி வேகம் வெட்டுப்படாமல் அப்படியே சேரும். ஒரே ஒரு புள்ளி போட்டாலே ஏறத்தாழ 20 விழுக்காடு வந்துவிடுகிறது. அதற்கு மேல் போடும் ஒவ்வொரு புள்ளிக்கும் வருமானம் தேய்ந்துகொண்டே போகும்.

ஆக, -30 நகம் இரண்டு, 20 வேகக் கையுறை, 45 வேகம் தரும் டிரெச்சரி கவசம், பர்ஸ்ட் ஆஃப் ஸ்பீடில் ஒரு புள்ளி. கையுறையும் கவசமும் சேர்ந்து எழுத்தில் 65, கைக்கு வருவது 42. மேலே சொன்ன மற்றவற்றோடு சேர்த்தால் இதுவே போதும். இதற்கு மேலும் வேகத்தைத் துரத்துகிறவர்கள், உயிர்ப் புள்ளிகளும் எதிர்ப்புச் சக்தியும் வரவேண்டிய இடத்தைத்தான் அடைத்துக்கொள்கிறார்கள்.

கோல்டு பிளெயின்ஸில் ஒரு சண்டை

பனியின் உண்மையான வேலையைப் பார்க்க முதல் அங்கத்தில் கோல்டு பிளெயின்ஸுக்குப் போனால் போதும். அங்கே பிஷிபாஷ் என்ற பூசாரிக் குட்டிச்சாத்தான் தன் கூட்டத்தோடு முகாம் போட்டிருப்பான். சின்னக் குட்டிச்சாத்தான்கள் கத்தியோடு ஓடிவரும், ஒன்று செத்தால் மற்றவை சிதறி ஓடும், மறுபடி திரும்பிவரும். பூசாரிகள் பின்னால் நின்று தீயுருண்டை வீசிக்கொண்டே செத்தவற்றை எழுப்புவார்கள். சார்ஜ் ஏற்றுகிறவளுக்கு இதைவிடத் தொல்லையான கூட்டம் கிடையாது. இரண்டு ஏற்றுவதற்குள் அடிபட்டவன் ஓடிவிடுவான், மூன்றாவதற்குள் செத்தவன் எழுந்து நிற்பான்.

பிளேட்ஸ் ஆஃப் ஐஸை மூன்று வரை ஏற்றி விட்டதும் ஆட்டம் தலைகீழாகிறது. கூட்டம் நின்ற இடத்திலேயே உறைகிறது. உறைந்த நிலையில் செத்தவன் உடல் சில்லுச் சில்லாக நொறுங்கிவிடும். பிணமே இல்லாதபோது பூசாரி எதை எழுப்புவான்? அந்தச் சில நொடிகளில் பீனிக்ஸ் ஸ்ட்ரைக்கை நிதானமாக ஏற்றிக்கொண்டு பிஷிபாஷிடம் போகலாம். அவன் தலைவன் வகை என்பதால் உறையமாட்டான், வேகம் மட்டும் மட்டுப்படும். உடம்பில் தீ ஏறியவன், செத்தால் வெடிப்பான். ஆகவே அவன்மேல் எரிகல்லை வீணாக்காமல், எண்ணிக்கையை இரண்டுக்கோ மூன்றுக்கோ கொண்டுபோய் விடுவதுதான் சரி.

இந்தச் சண்டையில் பனி எத்தனை பேரைக் கொன்றது என்று கணக்குப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். எத்தனை நொடி தந்தது என்று பார்க்கவேண்டும். அந்த நொடிகளும் கடைசிவரை ஒரே அளவில் இருப்பதில்லை. உறையும் நேரம் நைட்மேர் என்ற அடுத்த கடின நிலையில் பாதியாகும், அதையும் தாண்டிய ஹெல்லில் கால்வாசியாகும். நார்மலில் பனியை நம்பிச் சோம்பேறித்தனமாக எண்ணிப் பழகியவர்கள் ஹெல்லில் மூன்றாவது சார்ஜுக்கு முன்பே சுருண்டு விழுவது இதனால்தான்.

பனிக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. அசாசின்களின் செல்லப் பொறியான டெத் சென்ட்ரி பிணங்களை வெடிக்கவைத்துக் கூட்டத்தைக் காலி செய்வது. பனி பிணத்தையே மிச்சம் வைப்பதில்லை. இரண்டையும் ஒரே ஆளில் வளர்ப்பது, ஒரே அணியில் இருவரை ஒருவர் காலை ஒருவர் மிதிக்க விடுவது மாதிரி. உறைபனிப் பாதையில் போகிறவர் டெத் சென்ட்ரியை மறந்துவிடவேண்டும்.

கேடயம் இல்லாதவள்

இரண்டு நகம் ஏந்துகிறவளுக்குக் கேடயம் கிடையாது. அந்த இடத்தை நிரப்ப வெப்பன் பிளாக் இருக்கிறது. நகங்களாலேயே தடுப்பது. அதன் பெரிய பலம், வெறும் வெட்டுக்குத்தோடு நிற்காமல் மாயத் தாக்குதல்களையும் தடுக்கும் என்பது. சாதாரணக் கேடயத்தால் இது ஆகாது. இதுவும் தேய்ந்து வளரும் திறன்தான். எல்லாத் திறனையும் உயர்த்தும் பொருட்கள் கூடச் சேரும்போது, சில புள்ளிகளிலேயே பாதி அடிகளைத் தடுக்கும் அளவுக்கு வந்துவிடும்.

எதிர்ப்புச் சக்திதான் உண்மையான ஓட்டை. ஹெல்லில் நுழைந்ததும் எல்லா எதிர்ப்பிலும் 100 கழிக்கப்படும், அதை ஈடுகட்ட இவளிடம் கேடயமும் இல்லை. ஃபேட் என்ற திறன் இந்த ஓட்டையை அடைக்கும், சாபங்களின் நேரத்தையும் குறைக்கும். ஆனால் ஃபேடும் பர்ஸ்ட் ஆஃப் ஸ்பீடும் ஒன்றாக இருக்காது, ஒன்றைப் போட்டால் மற்றது போய்விடும். டிரெச்சரி கவசம் இந்த முரண்பாட்டை இன்னும் கூர்மையாக்குகிறது. ஷேல், துல், லெம் என்ற மூன்று ரூன்களில் கிடைக்கும் கவசம் இது. அசாசின் திறன்களுக்கு 2 கூட்டுகிறது, 45 வேகம் தருகிறது, கூடவே அடிபடும்போது 5 விழுக்காடு வாய்ப்பில் 15-ஆம் நிலை ஃபேடை அதுவாகவே போட்டுவிடுகிறது. சண்டை நடுவே கை திடீரென்று மந்தமானால் பதறவேண்டாம், கவசம் வேகத்தைப் பாதுகாப்புக்கு மாற்றிக்கொடுத்திருக்கிறது. கூட்டத்தின் நடுவே என்றால் அதை அப்படியே விட்டுவைக்கவேண்டும். தனி ஆளோடு மோதும்போது மட்டும் வேகத்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

பனி எடுபடாதபோது

ஹெல்லில் பனி துளியும் ஏறாத எதிரிகள் நிறைய. சோர்சரஸுக்குக் கோல்டு மாஸ்டரி இருக்கிறது, எதிரியின் எதிர்ப்பை அரிக்கும். அசாசினுக்கு அப்படியொன்று இல்லை. 2022-இல் வந்த 2.5 பதிப்பு 'கோல்டு ரப்ச்சர்' என்ற தாயத்தைக் கொண்டுவந்தது. அது முழு எதிர்ப்பை 95-க்கு இறக்கும், பதிலுக்குச் சுமப்பவரின் பனி எதிர்ப்பையும் பறிக்கும். 95-க்கு இறங்கியும் நூறில் ஐந்து பங்கு அடிதான் ஏறும். எதிர்ப்பை மேலும் குறைக்கச் சொந்தத் திறன் இல்லாதவளுக்கு இது பெரிய லாபமில்லை.

இவளுக்கு உள்ள விடை எண்ணிக்கையை மாற்றுவதுதான். பனி ஏறாதவன் எதிரே வந்தால் பீனிக்ஸ் ஸ்ட்ரைக்கை ஒன்றிலேயே விட்டு எரிகல் போடலாம். அடிக்கு அடி முடிப்பு என்பதால் இதுதான் இருப்பதிலேயே விரைவான வழி. எரிகல் விழுந்த இடத்தில் தரை எரிந்துகொண்டிருக்கும். இடம் பெயராதவன் அந்தத் தீயில் நின்று வாங்குவான். எதுவுமே ஏறாதவனுக்கு இரண்டாம் அங்கத்தின் ஈட்டிக்காரக் கூலியாள் இருக்கிறான். அவன் கையில் நல்ல ஈட்டியாகக் கொடுப்பது இந்தப் பில்டில் ஆடம்பரமல்ல, அவசியம்.

புள்ளிகள் எங்கே?

2003-இல் வந்த 1.10 பதிப்பு ஒரு திறனில் போட்ட புள்ளி இன்னொரு திறனுக்கும் வலு சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. பீனிக்ஸ் ஸ்ட்ரைக்கின் எரிகல்லுக்கு ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃபயர், மின்னலுக்குக் கிளாஸ் ஆஃப் தண்டர், பனிக்குப் பிளேட்ஸ் ஆஃப் ஐஸ். மூன்றையும் நிரப்ப ஆசை வரும். 85-ஆம் நிலையில் கையில் இருப்பது நிலைகளால் 84, பணிகளால் 12, ஆக 96 புள்ளிகள். பீனிக்ஸ், பிளேட்ஸ் ஆஃப் ஐஸ், ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃபயர் மூன்றுக்கும் தலா 20 போட்டால் 60 போய்விடும். வழியில் இருக்கும் படிக்கட்டுத் திறன்கள், முடிப்பு அடி, நகத் தேர்ச்சி, பர்ஸ்ட் ஆஃப் ஸ்பீடு, ஃபேட் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளி. அடுத்து வெப்பன் பிளாக்கைப் பாதி தடுக்கும் அளவுக்குக் கொண்டுபோகவேண்டும். அதன் பிறகு மிஞ்சுவதைத்தான் மின்னலுக்குத் தரவேண்டும். மின்னலை முதலில் நிரப்பிவிட்டுத் தடுப்பைக் கைவிட்டவள் ஹெல்லில் நெடுநேரம் நிற்கமாட்டாள். தவறாகப் போட்டாலும் கவலை இல்லை, 2010-இல் 1.13 பதிப்பு வந்ததிலிருந்து முதல் அங்கத்து முகாமில் இருக்கும் அகாராவிடம் போய்ப் புள்ளிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பொருட்களிலும் அதே அளவுகோல்தான். பார்ட்டக்ஸ் கட்-த்ரோட் என்ற தங்கநிற நகம் அசாசின் திறன்களையும் தற்காப்புக் கலையையும் உயர்த்துகிறது, அதனால் நல்லது. ஆனால் தற்காப்புக் கலைக்கு 3 கூட்டி, 40 வேகமும் சேர்ந்து வரும் நீலநிற ரூனிக் டேலன்ஸ் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுக்கவேண்டும். பெயரில்லாத பொருள்தான், ஆனால் எண்ணிக்கையை விரைவுபடுத்துகிறது, வெடிப்பையும் பெரிதாக்குகிறது.

இந்தப் பில்டு எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வரைபடத்தைத் துடைத்தெடுக்க நினைப்பவர்களுக்கு மின்னல் பொறிகள் வைக்கும் அசாசினே போதும், வேலையும் சீக்கிரம் முடியும். நகமும் பனியும் அதைவிட மெதுவானவை, பிழை பொறுக்காதவை. ஆனால் எதிரே நிற்பவன் யார் என்று பார்த்து, ஒன்றில் விடுவதா மூன்று வரை காத்திருப்பதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கவைக்கும் பில்டு இந்த ஆட்டத்தில் வேறு அதிகமில்லை. டேமேஜ் எண்ணை மறந்து, உறைந்த கூட்டத்தின் நடுவே கிடைக்கும் நொடிகளை எண்ணத் தெரிந்தவர் கையில் இவள் ஹெல்லையும் கடந்து வருவாள்.