பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை

தமிழ்நாட்டில் பிள்ளை வளர்க்கும் ஏழைக் குடும்பத்துக்குப் பள்ளி வழியாகக் கிடைக்கும் ஆதரவு சாதாரணமானதல்ல. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு, பிறகு கருணாநிதி சேர்த்த முட்டை, 2022 செப்டம்பரில் வந்த காலை உணவு என்று அது படிப்படியாக வளர்ந்திருக்கிறது. காலி வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தவர்கள் இவற்றை ‘இலவசம்’ என்று இளக்காரமாகப் பேச மாட்டார்கள். நானும் பேசப் போவதில்லை.

என் கேள்வி வேறு. தட்டில் விழும் அந்தச் சோற்றை ஆக்குவது யார்? அவரை அரசு என்னவாகப் பார்க்கிறது?

காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர்கள். வழிகாட்டு நெறிமுறைப்படி, அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டால் வேலை இன்னொரு தாய்க்குப் போய்விடும். ‘தன் பிள்ளையும் சாப்பிடுவதால் அக்கறையோடு சமைப்பாள்’ என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவரின் பிள்ளை அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்தான் அவர் ஒழுங்காக ஊசி போடுவார் என்று நாம் சொல்வதில்லை. வாத்தியார் வேலைக்கும் இப்படி ஒரு நிபந்தனை இல்லை. சமைக்கும் பெண்ணுக்கு மட்டும் தாய்மையே தகுதிச் சான்றிதழ் ஆகிறது, தாய்மையே அதன் காலாவதித் தேதியும் ஆகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இந்த வேலையில் இருக்கிறார். விடிவதற்கு முன்பே எழுந்து வீட்டு வேலையைப் பாதி முடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நூறு நாள் வேலை இருந்தால் அங்கே போகிறார். “எம்புள்ள நாலாவது படிக்கிறாக்கா. அவளுக்கு டிசி குடுக்கிற அன்னைக்கே எனக்கும் டிசிதான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இத்தனை பேருக்கு அளவு பிசகாமல் பொங்கல் கிண்டும் அவருடைய அனுபவத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

சத்துணவு மையங்களிலும் அங்கன்வாடிகளிலும் வேலை செய்யும் பெண்களுக்கு வழங்கப்படுவது ‘சிறப்பு காலமுறை ஊதியம்’. இங்கே ‘சிறப்பு’ என்றால் மற்ற அரசு ஊழியர்களைவிடக் குறைவு என்று பொருள். முழுமையான காலமுறை ஊதியத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடிவிட்டார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975இல். இடையில் ஓடியவை 47 ஆண்டுகள்.

இந்த வேலைகளில் கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. அதனால் பிழைத்த குடும்பங்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் வேலையை வாழ்வளிப்பாகக் கொடுக்கும்போது ஊதியமும் கருணையாகிவிடுகிறது. கருணையை உயர்த்திக் கேட்டால் நன்றி கெட்டவள் என்ற பெயர்தான் வரும்.

தாயின் கைமணம் என்று மேடையில் உருகுகிற ஊர், அது எந்தத் தாயின் கை என்றும் விசாரிக்கிறது. 2018இல் அவிநாசிக்கு அருகே ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டபோது, அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. காலை உணவுக்கும் இதே மறுப்பு 2023இல் கரூர் மாவட்டத்தில் வந்தது. ஆக, அரசு எல்லாப் பெண்களையும் தாயாக்கினாலும், சாதி எல்லாத் தாயையும் ஏற்றுக்கொள்வதில்லை.

பள்ளி முடிந்த பிறகும் இதே கதைதான். கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில் மாலை வகுப்பு எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை ஆசிரியர் என்று சொல்லவில்லை, தன்னார்வலர் என்றார்கள். மாதம் 1000 ரூபாய். 2023இல் வந்த மகளிர் உரிமைத் தொகையும் 1000 ரூபாய்தான். வீட்டு வேலைக்கு மதிப்புண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டு அதற்கு ‘உரிமை’ என்று பெயரிட்டது முக்கியமான நகர்வு. ஆனால் வீட்டிலிருந்து வெளியே வந்து பாடம் சொல்லிக் கொடுத்த உழைப்புக்கும் அதே தொகைதான் என்றால், அந்தப் பெண் அரசின் கண்ணில் இன்னும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

இதில் அப்பாக்கள் எங்கே? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நல்ல விதி. ஆனால் நான் உட்கார்ந்த கூட்டங்களில் ‘பெற்றோர்’ என்று வந்தவர்கள் அநேகமாக அம்மாக்கள், அதுவும் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று பேசுவது அவர்கள். கட்டட ஒப்பந்தம் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் எங்கிருந்தோ ஆண்கள் முளைத்துவிடுவார்கள்.

குழந்தை வளர்ப்பை வீட்டிலிருந்து சமூகத்தின் கைக்கு மாற்ற வேண்டும் என்பது பெண்ணியத்தின் பழைய கோரிக்கை. தமிழ்நாடு அதில் பாதி தூரம் வந்திருக்கிறது. சமையல் வீட்டிலிருந்து பள்ளிக்கு மாறியிருக்கிறது. சமைக்கும் கை மாறவில்லை, அந்தக் கைக்கான விலையும் மாறவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள். சமையலர், அங்கன்வாடிப் பணியாளர் பதவிகளை நிரந்தர அரசுப் பணியாக்கி, ஆண்களையும் அதில் நியமியுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். பிள்ளைக்கு டிசி கொடுக்கும் நாளில் அந்த அக்காவின் கையில் பணி நிரந்தர ஆணை இருக்கட்டும்.