எள்ளுப் பூத்தால் தேனீக்காரருக்குத் திருவிழா

சம்பா அறுத்த வயலில், நெல் தாளுக்கு இடையே உளுந்து பூக்கும்போதே டெல்டாவின் தேனீக்காரர்களிடம் பேச்சு சூடு பிடித்துவிடும். கொல்லையில் தென்னைக்கும் முருங்கைக்கும் நடுவே இரண்டு மூன்று பெட்டி வைத்து, ஆசைக்காக வளர்ப்பவர்கள் இவர்கள். “உங்க பக்கம் எள்ளு பூத்துடுச்சாண்ணே?” என்று தஞ்சாவூர்க்காரர் கேட்பார். “இன்னும் ஒரு வாரம் ஆகும் தம்பி, புங்கம் மொட்டு விட்டிருக்கு” என்பார் மன்னார்குடிக்காரர். பூ நாட்காட்டியே இப்படித்தான் ஊர் ஊராகக் கைமாறுகிறது.

பெட்டி பெரும்பாலும் நியூட்டன் பெட்டி. நம் இந்தியத் தேனீயின் சிறிய உடம்புக்கு ஏற்ப, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தது. பங்குனிக் காலையில் அதன் சட்டம் ஒன்றை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆண் தேனீ வளரும் அறைகளின் மூடி சற்றுப் புடைத்து, உச்சியில் ஊசி குத்தியது போல ஒரு துளையோடு இருக்கும். அவை பெருகி, அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகளும் தொங்கினால் கூட்டம் பிரியப்போகிறது. அதைக் கண்ணால் கண்டறியும் தேர்ச்சி எனக்குப் பெரிய கலையாகவே படுகிறது.

1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைத் தாக்கும் தாய் சாக்புரூட் வைரஸ், தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. தப்பிப் பெருகியவற்றின் வழிவந்தவைதான் இன்றைய கூட்டங்கள். அவற்றைப் பூச்சிமருந்திலிருந்தும் காக்க வேண்டும். எள்ளுப் பூ விடியலில் விரிந்து மாலைக்குள் உதிர்ந்துவிடும். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் பொழுது சாய்ந்தபின் அடிக்கச் சொல்லி, பக்கத்து வயல்காரரிடம் இவர்கள் கேட்டுக்கொள்வது அதனால்தான்.