புதிய செயலித் தளம்: விரைவும் விலையும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொல். கணிப்பொறி வாங்கும்போது நம்மில் பலர் இதை மறந்துவிடுகிறோம். பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களைப் பார்க்கிறோம். எது பெரிய எண்ணோ அதுவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அண்மை ஆண்டுகளில் உயர்தர மேசைக் கணிப்பொறிகளுக்கென மூன்று புதிய தளங்கள் சந்தைக்கு வந்துள்ளன. 2022 செப்டம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் ஏ.எம்.5 தளத்தை வெளியிட்டது. 2023 நவம்பரில் அதே நிறுவனம் த்ரெட்ரிப்பர் என்னும் பெருஞ்செயலிகளுக்காக எஸ்.டி.ஆர்.5 தளத்தைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் எல்.ஜி.ஏ. 1851 வந்தது. பழைய பொறியைக் கைவிட்டு இவற்றுள் ஒன்றுக்கு மாறலாமா என்ற கேள்வி, ஆழ்வார்திருநகரி போன்ற ஊரில் திருமண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோக்காரருக்கும், தூத்துக்குடியில் பொறியியல் படிக்கும் மாணவருக்கும், சில கணிப்பொறிகளைக் கொண்டு ஆய்வகம் நடத்தும் கல்லூரித் துறைக்கும் எழுகிறது. இவர்களில் பலர் தவணைக் கடனில் வாங்குபவர்கள். தேர்வு தவறினால் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். ஆகவே, இந்தப் புதிய தளங்களை விளம்பரக் கண்ணால் பாராமல் இயற்பியல் கண்ணால் பார்ப்போம்.

தளம் என்பது யாது?

செயலி தனித்து இயங்குவதில்லை. மதர்போர்டில் அதைப் பொருத்துவதற்கு ஒரு பொருத்துவாய் உண்டு. அதற்கேற்ற நினைவகமும், குளிர்விப்பானும், மின்வழங்கியும் வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்ததே தளம். செயலியை மட்டும் மாற்றுவது வண்டிக்குச் சக்கரம் மாற்றுவது போன்றது. தளத்தை மாற்றுவதோ வண்டியையே மாற்றுவது.

ஏ.எம்.5 பொருத்துவாயில் 1,718 தொடுமுனைகள் உள்ளன. முந்தைய ஏ.எம்.4இல் 1,331 துளைகளே இருந்தன. புதிய தளம் டி.டி.ஆர்.5 வகை நினைவகத்தை மட்டுமே ஏற்கும். கையில் இருக்கும் டி.டி.ஆர்.4 நினைவகம் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அங்கே பயன்படாது. இன்டெலின் 1851 தளத்திலும் இதே நிலைதான். ஆகவே செயலியின் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுவது பிழை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் செயற்கை அறிவு நிலையங்களின் தேவை பெருகியதால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் வெகுவாக ஏறியது. அந்நேரத்தில் தளம் மாற்ற முனைந்தவர்கள் செயலிக்கு ஒதுக்கிய பணத்தை நினைவகத்துக்குச் செலவிட வேண்டியதாயிற்று.

ஒரு தளம் எத்தனை ஆண்டு வாழும் என்பது அதன் தரத்தில் ஒரு பகுதி. இந்த வகையில் ஏ.எம்.4 பாராட்டுக்குரியது. 2017இல் முதல் ரைசன் செயலிக்காக வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், உள்மென்பொருளைப் புதுப்பித்தபின் 2022இல் வந்த செயலியைக்கூடப் பொருத்த முடிந்தது. இன்டெல் 2017இல் செய்தது இதற்கு நேர்மாறு. 1,151 தொடுமுனைகள் என்ற எண்ணிக்கை மாறவில்லை. எனினும் எட்டாம் தலைமுறைச் செயலிகளை முந்தைய மதர்போர்டுகள் ஏற்கவில்லை. ஏ.எம்.டி.யும் குற்றமற்றதன்று. 2019 நவம்பரில் வந்த எஸ்.டி.ஆர்.எக்ஸ்.4 தளம், த்ரெட்ரிப்பர் 3000 வரிசை என்ற ஒரே தலைமுறையோடு நின்றுபோயிற்று. பெரும்பணம் கொடுத்து அதை வாங்கியவர்களுக்கு மேலே ஏற வழியில்லை. உயர்ந்த விலை நீண்ட வாழ்வுக்கு உறுதியாகாது என்பதற்கு இது சான்று.

துடிப்பு ஏன் ஏறவில்லை?

1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் ஒரு விதியை எடுத்துக் கூறினர். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், சில்லின் ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் வெப்பம் கூடாமலே விரைவைக் கூட்டலாம் என்பதே அது. முப்பது ஆண்டுக் காலம் கணிப்பொறித் துறை இவ்விதியின் தோளேறிப் பயணம் செய்தது. பின்னர் மின்கசிவு காரணமாக மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாமற் போயிற்று. 2004இல் பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்சை எட்டியது. 4 கிகாஹெர்ட்ஸ் செயலியை வெளியிடும் திட்டத்தை இன்டெல் அதே ஆண்டில் கைவிட்டது. 2023 ஜனவரியில் வந்த கோர் ஐ9-13900கே.எஸ். செயலிதான் 6 கிகாஹெர்ட்சைத் தொட்டது. பதினெட்டு ஆண்டுகளில் துடிப்பு ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதன் காரணம் ஓர் எளிய சமன்பாட்டில் அடங்கும். செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் துடிப்பின் அலைவெண்ணையும் பெருக்கிவரும் தொகைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். துடிப்பைப் பத்து விழுக்காடு கூட்ட மின்னழுத்தத்தையும் பத்து விழுக்காடு கூட்ட வேண்டியிருந்தால், திறன் 1.1இன் மும்மடி, அதாவது 1.33 மடங்காகும். பத்து விழுக்காட்டு விரைவுக்கு முப்பத்துமூன்று விழுக்காட்டு வெப்பம்! மாறாக, இரண்டையும் இருபது விழுக்காடு குறைத்தால் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். விரைவில் ஐந்தில் ஒரு பங்கையே இழக்கிறோம்.

உச்ச எண்ணுக்காக மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதன் விளைவை 2024இல் உலகம் கண்டது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்தரச் செயலிகள் பல நிலைகுலைந்தன. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் அவற்றின் உள்சுற்றுகளைத் தேய்த்துவிட்டது. அந்நிறுவனம் 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டதுடன், உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது.

உள்ளகங்கள் பெருகினால் போதுமா?

துடிப்பு ஏறாதபோது நிறுவனங்கள் வேறு வழியை நாடின. கோர் எனப்படும் உள்ளகங்களின் எண்ணிக்கையைக் கூட்டின. ரைசன் 9 9950எக்ஸ் செயலியில் 16 உள்ளகங்கள். கோர் அல்ட்ரா 9 285கே.யில் பெரியவை 8, சிறியவை 16, ஆக 24. 2025 ஜூலையில் வந்த த்ரெட்ரிப்பர் 9980எக்ஸில் 64. பதினாறு ஆட்கள் வெட்டும் வாய்க்காலை அறுபத்துநான்கு ஆட்கள் கால் பங்கு நேரத்தில் வெட்டிவிடுவார்கள் அல்லவா? வாய்க்காலுக்கு இது பொருந்தலாம்; எல்லா வேலைக்கும் பொருந்தாது. இட்லி மாவு புளிக்க எட்டு மணி நேரம் வேண்டுமென்றால், எத்தனை பேர் சுற்றி நின்றாலும் எட்டு மணி நேரந்தான்.

ஜீன் ஆம்டால் என்பவர் 1967இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு வேலையில் பிரித்துச் செய்யக்கூடிய பகுதி 90 விழுக்காடு என்று கொள்வோம். 16 உள்ளகங்களில் அது 6.4 மடங்கு விரைவாக முடியும். 64 உள்ளகங்களில் 8.8 மடங்கு. எண்ணற்ற உள்ளகங்கள் இருந்தாலும் 10 மடங்கைத் தாண்டாது. 9950எக்ஸின் அறிமுக விலை 649 டாலர். 9980எக்ஸின் விலை 4,999 டாலர். விலை ஏழரை மடங்குக்கும் மேல். விரைவில் கிடைக்கும் ஆதாயமோ 1.4 மடங்குக்கும் குறைவு. பிரிக்கக்கூடிய பகுதி 99 விழுக்காடாக இருந்தால் கதை மாறும். 16 உள்ளகங்களுக்கு 14 மடங்கு, 64க்கு 39 மடங்கு. அப்போது பெருஞ்செயலிக்குப் பொருள் உண்டு.

அத்தகைய பணிகள் நம் நாட்டிலும் நடக்கின்றன. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் குவார்க்குகள் பற்றிய கணக்கீடுகளுக்காக 2004இல் ‘கப்ரு’ என்னும் கணிப்பொறித் தொகுதியை அமைத்தனர். சந்தையில் கிடைத்த ஜியான் செயலிகள் கொண்ட 144 பொறிகளின் இணைப்பு அது. அந்தக் கணக்கீடு இயல்பாகவே பகுதி பகுதியாகப் பிரியக்கூடியது. ஆகவே பல செயலிகள் பலன் தந்தன. வேலையை அறிந்து பொறியைத் தேர்ந்ததே அங்கு நடந்தது.

இன்னொரு தடையும் உண்டு. உள்ளகங்கள் எத்தனை இருந்தாலும் தரவு நினைவகத்திலிருந்துதான் வர வேண்டும். இரு வாய்க்கால் டி.டி.ஆர்.5-5600 நினைவகம் விநாடிக்கு 89.6 கிகாபைட் வழங்கும். பதினாறு உள்ளகங்கள் பங்கிட்டால் ஒன்றுக்கு 5.6 கிகாபைட் மட்டுமே. 2018இல் வந்த 32 உள்ளகங்கள் கொண்ட த்ரெட்ரிப்பர் 2990டபிள்யூ.எக்ஸில் பாதி உள்ளகங்களுக்கு நினைவகத்தோடு நேர்த் தொடர்பே இல்லை. விளைவு, சில பணிகளில் அது 16 உள்ளகங்கள் கொண்ட தன் தம்பியிடமே தோற்றது.

நம் ஊர் வெயிலும் மின்கட்டணமும்

பெரும்பாலான செயலி மதிப்புரைகள் குளிரூட்டிய அறைகளில் எழுதப்படுகின்றன. 22 பாகை வெப்பமுள்ள அறையில், செயலியின் எல்லை 95 பாகை என்றால், வெப்பத்தைத் தள்ளக் கிடைக்கும் வேறுபாடு 73 பாகை. அந்த அறையில் ஒரு குளிர்விப்பான் 250 வாட்டை வெளியேற்றுகிறது என்று கொள்வோம். கோடையில் மின்விசிறி மட்டும் சுழலும் நம் அறை 36 பாகையில் இருந்தால் வேறுபாடு 59 பாகைதான். அதே குளிர்விப்பான் ஏறத்தாழ 200 வாட்டையே வெளியேற்றும். செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைக் குறைக்கும். நாம் காசு கொடுத்து வாங்கிய கடைசிப் பங்கு விரைவு வைகாசி வெயிலில் கரைந்துபோகும்.

பெட்டியில் காணும் வாட் எண்ணையும் அப்படியே நம்பலாகாது. 9950எக்ஸுக்கு 170 வாட் என்று அறிவித்தாலும் அதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. 285கே.யின் அடிப்படை 125 வாட், உச்சம் 250. த்ரெட்ரிப்பர் 9980எக்ஸ் 350 வாட். நாளுக்கு எட்டு மணி நேரம் முழுச்சுமையில் அது ஓடினால் இரண்டு மாதத்தில் 168 யூனிட் ஆகும். 2025இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்த 100 யூனிட்டைச் செயலி ஒன்றே விழுங்கிவிடும் அளவு அது. கடைகளில் பரவலாக உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். மின்சாரம் போன மறுகணமே இத்தகைய பொறியும் நின்றுவிடும். தூத்துக்குடி, ஆறுமுகநேரி போன்ற உப்பளப் பகுதிகளில் உப்பு கலந்த ஈரக்காற்று வேறு இருக்கிறது. அதிகக் காற்றை இழுக்கும் பெரிய விசிறி, அந்த உப்பையும் உள்ளே இழுத்துத் தொடுமுனைகளை அரிக்க வழிசெய்கிறது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டா?

ரைசன் 9000 வரிசை வந்தபோது, ஒரே துடிப்பில் முந்தையதைவிடச் சராசரியாக 16 விழுக்காடு கூடுதல் வேலை செய்யும் என்று ஏ.எம்.டி. கூறியது. நிறுவனமே தேர்ந்தெடுத்த செயல்நிரல்களின் சராசரி அது. அதை முழுதாக ஒப்புக்கொண்டாலும், ஒரு மணி நேர வேலை 52 நிமிடத்தில் முடியும். எட்டு நிமிட ஆதாயத்துக்காக ஒரு தலைமுறை மட்டுமே பழைய தளத்தைத் தூக்கியெறிவது அறிவுடைமையாகாது. ஏ.எம்.4 தளம் வைத்திருப்போர், அதே மதர்போர்டு ஏற்கும் மேலான செயலியைப் பொருத்திக்கொள்வது சிக்கனமான வழி.

வன்தட்டில் ஓடும் பழைய பொறி மெதுவாக இருக்கிறது என்று வருந்துவோர், முதலில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்திப் பார்க்கட்டும். வன்தட்டு ஒரு தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லிவிநாடி ஆகும், எஸ்.எஸ்.டி.க்கு அதில் நூற்றில் ஒரு பங்கு போதும். எந்தப் புதிய செயலியும் இத்தகைய பாய்ச்சலைத் தருவதில்லை.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இதைக் காட்டி உயர்தரப் பொறியை விற்க முயல்வோர் உண்டு. விண்டோஸ் 11 கேட்பது இன்டெலின் எட்டாம் தலைமுறையோ, அதற்கிணையான ரைசன் 2000 வரிசையோ, டி.பி.எம். 2.0 பாதுகாப்பு ஏற்பாடுமே. அவையும் இல்லாத பொறிகளில் லினக்ஸ் நன்றாக ஓடும். சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அவற்றுள் ஒன்று.

முழுநாளும் முப்பரிமாணப் படம் வரைபவர்கள், பெரிய மென்பொருள்களைத் தொகுப்பவர்கள், பிரியக்கூடிய கணக்கீடுகளை இரவு பகலாக ஓட்டும் ஆய்வாளர்கள் ஆகியோருக்குப் புதிய தளம் தக்கதே. அவர்களும் மின்வரம்பை இறக்கி இயக்கினால், சிறிது விரைவை இழந்து பெருமளவு வெப்பத்தைத் தவிர்க்கலாம். மற்றவர்கள் வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். நாள்தோறும் செய்யும் வேலையை இப்போதுள்ள பொறியில் ஒரே உள்ளகத்தைக் கொண்டு ஒரு முறையும், நான்கு உள்ளகங்களைக் கொண்டு ஒரு முறையும் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் வழியாகவே இதைச் செய்யலாம். முதல் முறை 100 விநாடியும் இரண்டாம் முறை 40 விநாடியும் ஆனால், பிரிக்க முடியாத பகுதி 20 விநாடி. அந்த வேலை உள்ளகங்களின் பெருக்கத்தால் ஒருபோதும் ஐந்து மடங்குக்கு மேல் விரைவாகாது.

இதற்குத் தேவை ஒரு கடிகாரமும், ஒரு தாளும், அரை மணி நேரமும் மட்டுமே. அந்தத் தாளில் கிடைக்கும் எண், பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எந்த எண்ணையும்விட நம்பத்தக்கது. ஏனெனில் அது நம் வேலையை அளந்து பெற்றது.