விழிஞ்ஞத்திலிருந்து ஒரு தமிழ் விண்ணப்பம்: அலுவல் மடலின் வடிவம் குறித்து

விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பல் வணிகத்தின் மடல்கள் பெரிதும் ஆங்கிலத்தில் நடைபெறுவது வியப்பன்று. இங்கு ஆராயப்படுவது அங்கு வாழும் தமிழர் ஒருவர் அரசுக்கு விடுக்கும் மடலும் அதற்கு வரும் விடையுமே. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியில் எழுதலாம். விடையும் அம்மொழியிலேயே அமைதல் வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம். ஆகவே விடையின் வடிவத்திற்கு மொழிபெயர்ப்பாளர் பொறுப்பாகிறார்.

மலையாள மடலின் 'விஷயம்', 'சூசன' ஆகியன தமிழில் முறையே 'பொருள்', 'பார்வை' எனப்படும். 'சூசன' என்பதை எழுத்துப்பெயர்த்துச் 'சூசனை' என்றால், குறிப்பால் உணர்த்துதல் என்றே தமிழர் கொள்வர். முந்தைய மடலின் எண்ணைத் தேடார்.

முடிப்பில் சிக்கல் மிகுதி. 'விஸ்வஸ்ததயோடெ' என்னும் மலையாளத் தொடர் வினையடை, தனித்து நிற்கும். 'தங்கள் உண்மையுள்ள' என்பதோ பெயரடை. கையொப்பமிடுவோர் பெயரைத் தழுவியே முடியும். (இரண்டும் ஆங்கில மரபின் வழிவந்தவையே.) பெயரின்றிப் பதவி முத்திரை மட்டும் இடப்படின் தமிழ்த்தொடர் அந்தரத்தில் தொங்குகிறது. 'இப்படிக்கு' என்னும் சொல் மேலே எழுதியதனைத்தையும் சுட்டி, எழுதியவரை அதற்குப் பொறுப்பாக்குகிறது. கல்வெட்டுகள் 'இவை இன்னார் எழுத்து' என முடிவதும் இத்தகையதே. விடை வரைவோர் இதனைத் தயக்கமின்றிக் கையாளலாம்.