பெனிசிலின் சொல்லும் மறுபாதி

1945-ல் வன்னெவர் புஷ் அமெரிக்க ஜனாதிபதிக்குக் கொடுத்த 'சயின்ஸ், தி எண்ட்லெஸ் ஃப்ரண்டியர்' அறிக்கையின் வாதம் சுருக்கமா இதுதான்: அடிப்படை ஆய்வுக்கு அரசு பணம் தரட்டும், எதை ஆராய்வது என்று விஞ்ஞானிகளே முடிவு செய்யட்டும், பலன் பின்னாடியே வரும்.

அறிக்கை எடுத்த எடுப்பில் காட்டும் உதாரணம் பெனிசிலின். அதுவே புஷ்ஷுக்கு எதிரா சாட்சி சொல்லுது! ஃபிளெமிங் அதைக் கண்டது 1928-ல். யாரும் திட்டம் போட்டு அதை வரவழைத்திருக்க முடியாது. புஷ் சொல்வதில் அந்தப் பாதி சரி. ஆனா பத்து வருஷத்துக்கு மேல் அது மருந்தாகவே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி குழு அதை மருந்தாக்கிக் காட்டியது. 1941 முதல் பியோரியாவில் அமெரிக்க விவசாயத் துறை ஆய்வகம், மக்காச்சோளம் ஊறிய நீரில் பூஞ்சையை வளர்த்து உற்பத்தியைப் பெருக்கியது. போருக்காக அரசு கம்பெனிகளை முடுக்கிவிட்டது. இதெல்லாம் இலக்கு வைத்துச் செய்த வேலை.

ஆய்வு மக்கள் தேவையை ஒட்டி இருக்கணும், அரசுப் பணத்தில் பிறந்த காப்புரிமை அரசுக்கே என்று செனட்டர் கில்கோர் வாதாடினார். அந்த இழுபறியில் தேசிய அறிவியல் அறக்கட்டளை பிறக்க 1950 ஆகிவிட்டது. அதற்குள் கடற்படையும் அணுசக்தி ஆணையமும் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பணம் கொட்ட ஆரம்பித்துவிட்டன.

வெளியார் இலக்கு வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் இலக்கு இல்லாமல் போயிடாது. பணம் வைத்திருப்பவர் சத்தமில்லாமல் வைப்பார். அதைச் சபையில் வைத்துப் பேசுவதே மேல்.