உள்ளங்கையில் ஒரு பிரேக்

ஸ்கேட்போர்டில் பிரேக் கிடையாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலைச்சாலைகளில் வேகத்தைக் குறைக்க ஸ்கேட்போர்டு வீரர் கிளிஃப் கோல்மன் பழகி வளர்த்த சறுக்கலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: கோல்மன் ஸ்லைடு. மலையிறங்கப் பழகுபவருக்கு இன்றும் அதுதான் அரிச்சுவடி.

சறுக்குபவர் குந்தி, குதிகால் பக்கம் சாய்ந்து, கையுறையில் பதித்த பிளாஸ்டிக் வில்லையைத் தார்ச்சாலையில் ஊன்றுகிறார். பலகை குறுக்கே திரும்புகிறது. அதுவரை உருண்டோடிய பாலியூரித்தேன் சக்கரங்கள் பக்கவாட்டில் உரசித் தேய, வேகம் கரைகிறது. எனக்குப் பிடித்தது அந்தக் கைதான். தரையைத் தொட்டிருக்கும், ஆனால் முழுப் பாரத்தையும் வாங்கிக்கொள்ளாது. பாரம் பாதங்களில் இருந்தால்தான் சக்கரங்கள் தரையைக் கவ்வும். எவ்வளவு நுட்பமான கணக்கு! மறுகையை வீசித் திருப்பினால் பலகை நேராகிறது. அவர் எழுந்து போய்விடுகிறார். சாலையில் சக்கரம் தேய்த்த கோடுகள் வளைந்து கிடக்கின்றன.