கையெழுத்து இரண்டு, பாலைவனம் ஒன்று

1975 ஜனவரியில் பாரிஸில் ஒரு புதிய காமிக்ஸ் இதழ் வெளிவந்தது. பெயர் 'மெத்தால் யுர்லான்', அதாவது அலறும் உலோகம். அதன் முதல் இதழில் ஒரு கதையில் பேச்சு பலூனே கிடையாது. உயரமான கூம்புத் தொப்பி வைத்த ஒருவன், டைனோசர் காலத்துப் பறக்கும் பல்லியைப் போன்ற வெளிறிய பிராணி ஒன்றின் முதுகில் ஏறி வருகிறான். ஏதோ ஒரு கட்டடத்தின் ஜன்னலில் ஆடையில்லாத பெண்ணொருத்தி தெரிகிறாள். கீழே நிற்கும் முரடனைச் சுருக்குக் கயிற்றில் மாட்டித் தொலைத்துவிட்டு ஜன்னலுக்குள் நுழைகிறான். அவள் திரும்புகிறாள். கண்கொண்டு பார்க்க முடியாத முகம். வந்த வேகத்தில் ஓடிவிடுகிறான்.

கதை என்று பார்த்தால் இது விடலைப் பையன்களின் கெட்ட கனவு. ஆனால் வரைந்திருந்த விதம் அப்படியில்லை. அந்தக் காலத்தில் பிரெஞ்சு காமிக்ஸில் ஓவியர் கறுப்பு மையில் கோடு போட்டுக் கொடுப்பார், வண்ணத்தைத் தனியாக இன்னொரு தாளில் பெரும்பாலும் வேறொருவர் பூசுவார். இங்கே ஓவியரே அசல் பக்கத்தின் மேல் நேரடியாக வண்ணம் தீட்டியிருந்தார். ஒவ்வொரு கட்டமும் தனி ஓவியம்போல் நின்றது. நாயகன் பெயர் அர்ஸாக். அடுத்த அத்தியாயத்தில் ஹர்ஸாக், அதற்கடுத்து எழுத்துகள் வேறு விதம். அச்சுப் பிழை இல்லை, வேண்டுமென்றே செய்தது. தன் நாயகனின் பெயரைக்கூட நிலையாக வைத்துக்கொள்ளாத அந்த ஓவியரின் கையெழுத்து 'மோபியஸ்'. அதுவும் அவருடைய சொந்தப் பெயர் இல்லை.

ழான் ழிரோ 1938 மே 8 அன்று பாரிஸை ஒட்டிய நொழான்-சுர்-மார்னில் பிறந்தார். மூன்று வயதில் பெற்றோர் பிரிந்துவிட, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். 16 வயதில் பாரிஸில் பயன்பாட்டுக் கலைகளுக்கான பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் 'வலேரியன்' விண்வெளித் தொடரை வரைந்த ழான்-குளோத் மெஸியேர் அங்கே கூடப் படித்தவர். 1956இல் ழிரோ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். மறுமணம் செய்துகொண்டு மெக்ஸிகோவில் இருந்த அம்மாவைப் பார்க்கத்தான் போனார், பல மாதங்கள் தங்கிவிட்டார்.

அங்கே பார்த்த பாலைவனத்தைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேட்டிகளில் சொல்லிக்கொண்டே இருந்தார். தட்டையான தரை, எங்கும் முடியாத நீலம். பாரிஸ் புறநகரின் சாம்பல் வானத்தின் கீழ் வளர்ந்த பையனுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதற்கு அவர் வரைந்த பக்கங்களே சாட்சி. அவருடைய நாயகர்கள் பாதிப்பேர் ஒன்றுமில்லாத வெளியில், தரைக்கும் வானுக்கும் நடுவே சின்னப் புள்ளியாக நிற்பவர்கள்.

திரும்பி வந்ததும் ராணுவ சேவை, ஜெர்மனியிலும் அல்ஜீரியாவிலும். 1961இல் பெல்ஜிய ஓவியர் ழிழேயிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 'ஜெரி ஸ்பிரிங்' கௌபாய் தொடரின் ஓர் ஆல்பத்துக்கு மை தீட்டினார். குரு-சிஷ்ய முறைக்கு அருமையான உதாரணம் அது. தூரிகையைப் பிடிப்பதிலிருந்து குதிரையின் முழங்கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பது வரை எல்லாம் வரைந்து வரைந்தே கற்றது. 1963 அக்டோபரில் 'பிலோத்' வார இதழில் கதாசிரியர் ழான்-மிஷேல் ஷார்லியேயுடன் சேர்ந்து சொந்தத் தொடரைத் தொடங்கினார். அதுதான் 'ப்ளூபெர்ரி'.

தமிழ் வாசகர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸில் கேப்டன் டைகர் என்ற பெயரில் சுற்றுகிறவர் இதே ஆள்தான். உடைந்த மூக்கு, சவரம் காணாத கன்னம், மேலதிகாரி கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகிற குணம். ஆரம்ப முகத்துக்கு மாடல் நடிகர் ழான்-போல் பெல்மோந்தோ. 'தங்கக் கல்லறை' படித்தவர்களுக்குத் தங்கத் தோட்டாவால் சுடும் அந்தப் பாறை மறைவு உருவம் மறந்திருக்காது. சுட்டெரிக்கும் வெயிலில் தண்ணீர் இல்லாமல் தடுமாறுகிற மனிதர்கள், பேய் நகரமாகிவிட்ட பழைய செவ்விந்தியக் குடியிருப்பு. கௌபாய் கதை என்ற உறையைக் கழற்றிவிட்டால், அந்தப் பக்கங்களில் வேற்றுக் கிரகம் ஒன்று ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

அந்தத் தொடரில் அவர் 'ழிர்' என்று கையெழுத்திட்டார். அதே 1963இலேயே 'ஹரா-கிரி' என்ற குறும்பு மாத இதழில் சில்லறைக் கதைகளுக்காக இன்னொரு பெயரை எடுத்துக்கொண்டார். மோபியஸ் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கணிதவியலாளர். நீளமான தாள்பட்டையை அரைச் சுற்று முறுக்கி இரு முனைகளையும் ஒட்டினால் கிடைக்கும் வளையத்துக்கு அவர் பெயர். அதன் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனால், விளிம்பைத் தாண்டாமலேயே அடுத்த பக்கத்துக்கு வந்துவிடலாம். இரண்டு பக்கம் இருப்பதுபோல் தெரியும், இருப்பது ஒன்றே ஒன்று.

விமர்சகர்கள் வழக்கமாக ழிரோவையும் மோபியஸையும் இரண்டு ஓவியர்களாகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் தூரிகை, மற்றவர் பேனா. ஒருவர் ஷார்லியேயின் கெட்டியான கதைக்குக் கட்டுப்பட்டவர், மற்றவர் அவிழ்த்துவிட்ட காளை. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் தானே தேர்ந்தெடுத்த பெயரை அவர் யோசிக்காமல் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்.

அந்தப் பெயர் ஏறத்தாழ பத்தாண்டு தூங்கியது. 1973இல் 'பிலோத்' இதழில் அவர் ஏழு பக்கத்தில் வரைந்த 'மாற்றுப்பாதை'தான் திருப்பம். ழிரோவே மனைவி, மகளோடு காரில் விடுமுறைக்குக் கிளம்புகிறார். நெடுஞ்சாலையை விட்டு விலகிய பாதை இந்த உலகத்தை விட்டே விலகிவிடுகிறது. செப்புத்தகட்டில் செதுக்கியதுபோல் புள்ளியும் சிறு கோடுமாக நெய்த பக்கங்கள், பழைய குஸ்தாவ் தோரேயின் பைபிள் படங்களை நினைவூட்டும். கையெழுத்து 'ழிர்' என்றுதான் இருந்தது, கை மோபியஸுடையது.

1974 டிசம்பரில் ஃபிலிப் த்ரூயே, ழான்-பியேர் தியோனே, பெர்னார் ஃபர்காஸ் ஆகியோரோடு சேர்ந்து பதிப்பகம் தொடங்கினார். 'மெத்தால் யுர்லான்' அவர்கள் இதழ். ஆசிரியர் கத்தரிக்கோல் கிடையாது, பிள்ளைகள் படிப்பார்களே என்ற பயம் கிடையாது. அந்தச் சுதந்திரத்தில் நிறையக் குப்பையும் வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இதழைப் புரட்டினால் ஆண்களின் பகல்கனவுக்காகவே வரையப்பட்ட பெண்ணுடல்கள் சலிப்பூட்டும் அளவுக்கு இருக்கும், அர்ஸாக்கும் அதற்கு விலக்கில்லை. ஆனாலும் அந்த இதழில்தான், கதைக்கு வாசலும் ஜன்னலும் வைத்து வீடுபோலக் கட்டித்தான் தீர வேண்டுமா, யானை வடிவத்திலோ கோதுமை வயல் வடிவத்திலோ இருக்கக் கூடாதா என்று அவர் வாசகர்களைக் கேட்டார்.

கேட்டதோடு விடாமல் 1976இல் செய்தும் காட்டினார். 'காற்றுப்புகாத கராஜ்' இரண்டு பக்க விளையாட்டாகத் தொடங்கியது. முன்கூட்டி எழுதிய கதை இல்லை. மாதாமாதம் இரண்டு மூன்று பக்கம், போன மாதம் எங்கே விட்டோமோ அங்கிருந்து. மேஜர் க்ரூபேர் என்ற தொப்பிக்காரர் ஒரு சிறுகோளுக்குள் அடுக்கடுக்காக உலகங்களைப் படைத்து வைத்திருக்கிறார். அதில் யார் யாரோ நுழைகிறார்கள், எந்திரங்கள் வெடிக்கின்றன, ஒரு பாத்திரம் பாலினம் மாறுகிறது. பாணியும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது, ஒரு நேரம் கேலிச்சித்திரம், ஒரு நேரம் நுணுக்க வேலை. முடிச்சுகள் எல்லாம் கழுத்தை நெரிக்கும் கட்டத்தில் மேஜர் ஒரு கதவைத் திறந்து வெளியே வருகிறார். வந்து சேரும் இடம் பாரிஸ் மெட்ரோ ரயில் நிலையம். 1979இல் தொடர் முடிந்தது. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று வரைகிறவருக்கே தெரியாத இந்தத் தொடரைத்தான் அவருடைய உச்சம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதே ஆண்டுகளில் சினிமா அவரை இழுத்தது. சிலி நாட்டு இயக்குநர் அலெஹாந்த்ரோ ஜோடரோவ்ஸ்கி 'டியூன்' நாவலைப் படமாக்கக் கிளம்பி, அவரைக் கொண்டு ஏறத்தாழ 3,000 படங்கள் வரையவைத்தார். படம் எடுக்கப்படவே இல்லை. ஆனால் அந்தப் படத்தின் அலுவலகத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த பொழுதில், சக ஊழியர் டான் ஓ'பானன் பொழுதுபோக்காக ஒரு துப்பறியும் கதை கிறுக்கினார். மோபியஸ் அதை வாங்கி வரைந்தார். 1976இல் வெளியான 'தி லாங் டுமாரோ' அதுதான்.

கதை பழைய அமெரிக்கத் துப்பறியும் கதைகளின் பகடி. நகரம்தான் புதிது. அது பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக, கிணறுபோல் கீழே இறங்குகிறது. தளத்துக்கு மேல் தளம், நடுவே பறக்கும் வண்டிகளின் நெரிசல், அடியில் அழுக்கும் கூட்டமும். அதுவரை விஞ்ஞானப் புனைகதையின் எதிர்கால நகரம் துடைத்துவைத்த பாத்திரம்போல் பளபளத்தது. இவருடைய எதிர்காலம் பழசாகிப்போயிருந்தது. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' இந்தக் கதைக்குப் பட்ட கடன் பலமுறை பேசப்பட்டது. அந்தப் படத்துக்கே வேலை செய்ய அழைத்தார்கள், ரெனே லலூவின் 'காலத்தின் எஜமானர்கள்' அனிமேஷன் படத்துக்காக மறுத்துவிட்டார், பிறகு வருந்தினார். 'ஏலியன்' படத்தின் விண்வெளி உடைகள், 'ட்ரான்', 'தி அபிஸ்', 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' என்று பட்டியல் நீளும். கடைசிப் படம், ஜோடரோவ்ஸ்கியோடு சேர்ந்து இவர் உருவாக்கிய 'இன்கால்' தொடரைத் திருடிவிட்டது என்று போடப்பட்ட வழக்கு தோற்றது. திருடப்பட்டதாகச் சொல்லப்பட்ட தொடரை வரைந்தவரே அந்தப் படத்திலும் சம்பளம் வாங்கி வேலை செய்திருந்தார் என்பது வழக்கின் நகைச்சுவை.

அந்த 'இன்கால்', எடுக்க முடியாமல் போன 'டியூன்' படத்தின் இடிபாடுகளிலிருந்து கட்டியது. 1980 முதல் 1988 வரை ஆறு ஆல்பங்கள். முதல் பக்கத்திலேயே ஜான் டிஃபூல் என்ற மட்டரகத் துப்பறிவாளன் நகரத்தின் நடுக்குழியில், அடியில் காத்திருக்கும் அமில ஏரியை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறான். இந்த விழுதலை மோபியஸ் அனுபவித்து வரைந்திருக்கிறார். உயரக் கட்டங்களில் தளங்கள் ஒவ்வொன்றாக மேலே போகின்றன, அவனோ கைகால் பரப்பிக்கொண்டு கீழே. ஆறாம் ஆல்பத்தின் முடிவில் பிரபஞ்சத்தையே காப்பாற்றிவிட்டுத் திரும்பியவன், மறுபடி அதே குழியில் விழுந்துகொண்டிருக்கிறான். கதை ஜோடரோவ்ஸ்கியுடையது என்றாலும், வடிவம் அந்த முறுக்கிய தாள்வளையம்தான்.

விழுவது, பறப்பது, உருமாறுவது. இந்த மூன்றும் அவரிடம் தீராத ஆசைகள். எந்திரங்களில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. விண்கலத்தைக்கூடக் கடல்சிப்பிபோலவோ பழம்போலவோதான் வரைவார். பிடி நழுவும்போது மனிதன் என்னவாகிறான் என்பதே அவர் கேள்வி.

அந்தப் பிடியை அவரே சில நேரம் பிறர் கையில் கொடுத்தார். 1980களின் தொடக்கத்தில் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிப் போதித்த ழான்-போல் அப்பெல்-கெரி என்ற குருவின் குழுவோடு தஹிதி தீவுக்குப் போனார். பச்சை உணவுக் கொள்கையிலும் மூழ்கினார். 1983இல் சித்ரோயன் கார் நிறுவனத்துக்காக ஒரு விளம்பரக் கதை வரையச் சொன்னார்கள். வரைந்தார். பழைய மாடல் கார் ஒன்று கதையில் உண்டு, ஆனால் அது வளர்ந்து 'எதேனாவின் உலகம்' என்ற பெரும் தொடராகிவிட்டது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஸ்தெல், ஆத்தான் என்ற இரு பழுதுபார்ப்பவர்கள் ஒரு பசுமையான கிரகத்தில் தனித்துவிடப்படுகிறார்கள். பழகிய செயற்கை உணவு தீர்ந்ததும் மரத்துக் கனியைத் தின்கிறார்கள். உடல்கள் மெல்ல மாறி, ஆத்தான் ஒருநாள் பெண்ணாக விழித்தெழுகிறாள். இங்கே கோடு மிகச் சுத்தமாகிவிட்டது, புள்ளியும் நெசவும் போய், மெல்லிய விளிம்புக்குள் தட்டை வண்ணம். கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. ஆனால் உணவு, தூய்மை, பரிணாமம் என்று பாத்திரங்கள் பேசத் தொடங்கும் இடங்களில் கதை பிரசங்கமாகிவிடுகிறது. விடை கையில் கிடைத்த மோபியஸ், விடை தெரியாத மோபியஸைவிட ஒரு படி கீழேதான்.

பிறகு கலிஃபோர்னியா. ஸ்டான் லீயின் கதைக்கு 'சில்வர் சர்ஃபர்' வரைந்து 1989இல் ஐஸ்னர் விருது பெற்றார். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகியோடு பரஸ்பர மரியாதை, மகளுக்கு மியாசாகியின் நாயகி நவ்ஸிகாவின் பெயர். ஷார்லியே 1989இல் இறந்தபின் ப்ளூபெர்ரியைத் தானே எழுதி வரைந்தார். கௌபாயை அவர் கடைசிவரை கைவிடவில்லை.

60 வயதை நெருங்கியபோது கஞ்சாவை விட முடிவெடுத்தார். அதிலிருந்து பிறந்த தலைப்பு, தமிழில் கொண்டுவர முடியாத ஒரு சிலேடை. 1999இல் வந்த '40 நாட்கள் பாலைவனம் பி' புத்தகத்தில் 'பாலைவனம் பி' என்பதைப் பிரெஞ்சில் உச்சரித்தால் 'களை பிடுங்குதல்' என்று காதில் விழும். உள்ளே பேச்சில்லாத பேனாப் படங்கள். தியானத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்க, வெற்று மணலிலிருந்து அவனைச் சுற்றி விசித்திரங்கள் முளைக்கின்றன. அதே பாலைவனம் 'இன்ஸைட் மோபியஸ்' ஆறு தொகுதிகளிலும் தொடர்கிறது. அங்கே கிறுக்கலான கோட்டில் வயதான ழிரோ அலைகிறார். க்ரூபேரும் அர்ஸாக்கும் ப்ளூபெர்ரியும் வந்து தங்களுக்கு ஏன் வேலை தரவில்லை என்று சண்டை போடுகிறார்கள். இளவயது ழிரோ வந்து கிழவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார். ஒரு கட்டத்தில் பின் லேடன்கூட வந்து சேர்கிறார். பிரித்துவைத்த இரண்டு ஓவியர்களும் ஒரே மணலில் நின்றது இங்கேதான்.

2010 அக்டோபரில் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளையில் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்தது, மையப்பொருள் உருமாற்றம். கண்பார்வை குறைந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு அர்ஸாக் திரும்பி வந்தான். 35 ஆண்டு வாய் திறக்காதவன் இப்போது பேசினான், அவனுக்கு நில அளவையாளன் என்று ஓர் உத்தியோகமும் இருந்தது. மூன்று பாகமாகத் திட்டமிட்டிருந்தார். ஒன்றுதான் வந்தது. 2012 மார்ச் 10 அன்று, 73 வயதில், ழிரோ இறந்தார். வெளிறிய பிராணியின் முதுகில் ஏறிய அந்தத் தொப்பிக்காரன் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறான்.